மீன் மார்க்கெட்டில் தொடங்கும் விலங்கியல்: முதுகெலும்பில்லாத உயிர்களை இனம்பிரிப்பது எப்படி?

துளையுடலிகள், குழியுடலிகள், தட்டைப்புழுக்கள், உருளைப்புழுக்கள், வளைதசைப்புழுக்கள், கணுக்காலிகள், மெல்லுடலிகள், முட்தோலிகள். பள்ளியில் விலங்கியல் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பார்கள். ஆனால் மழைக்கு மறுநாள் குளியலறைச் சுவரில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒன்றைக் காட்டி, "இது இந்த எட்டில் எது?" என்று கேட்டால் முழிப்பார்கள். நானும் முழித்தவன்தான்.

கோளாறு அந்த வரிசையில் இருக்கிறது என்பது என் எண்ணம். பாடம் துளையுடலியில், அதாவது கடற்பஞ்சில் தொடங்குகிறது. உயிருள்ள கடற்பஞ்சை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பார்க்காத ஒன்றில் ஆரம்பித்தால் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் இந்தக் கட்டுரை தலைகீழாகப் போகிறது. நூறு ரூபாய்க்குக் கையில் கிடைப்பதில் தொடங்கி, கடற்பஞ்சுக்குக் கடைசியில் வருவோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "முதுகெலும்பில்லாதவை" என்பது ஒரு குடும்பம் இல்லை. தெருவில் இருப்பவர்களில் மீசை இல்லாதவர்கள் எல்லாரையும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று சொல்வது போன்ற பெயர் அது. 1758-ல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் விலங்குகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தபோது நான்கை முதுகெலும்புள்ளவற்றுக்குக் கொடுத்தார். மீதி அத்தனையையும் பூச்சிகள், புழுக்கள் என்று இரண்டே மூட்டையாகக் கட்டிவிட்டார். நத்தை, நட்சத்திர மீன், ஜெல்லி மீன் எல்லாமே 'புழு' மூட்டையில்! பிறகு பாரிஸில் லமார்க் என்ற விலங்கியலார் அந்த மூட்டைகளை அவிழ்த்து அடுக்கத் தொடங்கினார். முதுகெலும்பற்றவை என்ற பெயரும் அவர் கொடுத்ததே. இன்று பெயரிடப்பட்ட விலங்கினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள், அதாவது பெரும்பிரிவுகள். பயப்பட வேண்டாம், நம் கண்ணில் படுபவை எட்டு ஒன்பதுக்குள் அடங்கிவிடும்.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, வெள்ளைப் பீங்கான் தட்டு, பழைய பெயிண்ட் பிரஷ், டார்ச், நோட்டு. கேமரா கைபேசியிலேயே இருக்கிறது.

முதல் வேலை: மீன் மார்க்கெட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நான்கு சாமான் வாங்குங்கள்: தலையோடு நாலைந்து இறால், ஒரு நண்டு, ஒரு ஊசிக்கணவாய், ஒரு கைப்பிடி மட்டி. "சுத்தம் பண்ணித் தரட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தச் சுத்தம் செய்யும் வேலையில்தான் முழுப் பாடமும் இருக்கிறது.

இறாலைத் தட்டில் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். முன்பக்கம் முழு ஓடு, பின்பக்கம் ஆறு வளையத் துண்டு, கடைசியில் விசிறி வால். இப்போது கால்களைத் தேடுங்கள். ஓட்டுக்கு அடியில் நடக்கும் கால்கள் ஐந்து ஜோடி. வாங்கியது வெள்ளை இறால் என்றால் முதல் மூன்று ஜோடியின் நுனியில் குட்டி இடுக்கி இருக்கும், லென்ஸில் பாருங்கள். பின் துண்டுகளின் அடியில் துடுப்பு போல நீந்தும் கால்கள் இன்னும் ஐந்து ஜோடி. முகத்தில் உணர்கொம்புகள் இரண்டு ஜோடி, வாய்க்கு அருகில் சின்னச் சின்ன உறுப்புகள். பொறுமையாகப் பிய்த்து வரிசையாக அடுக்கினால் மொத்தம் 19 ஜோடி வரும். உணர்கொம்பு, தாடை, நடைக்கால், நீச்சல்கால், விசிறியின் ஓர இதழ் எல்லாமே ஒரே மாதிரியான உறுப்பு வெவ்வேறு வேலைக்காக மாறியவை. துண்டு துண்டான உடல், துண்டுக்கு ஒரு ஜோடி மூட்டுள்ள உறுப்பு, வெளியே கவசம்: கணுக்காலி என்பதன் அர்த்தம் இவ்வளவுதான்.

இனி முதுகைக் கீறி அந்தக் கருப்பு நூலை உருவுங்கள். வீட்டில் 'நரம்பு' என்று சொல்லி எடுப்போமே, அது நரம்பு இல்லை, குடல். இறாலின் உண்மையான நரம்பு வயிற்றுப் பக்கம் ஓடுகிறது. நமக்குத் தண்டுவடம் முதுகில், குடல் வயிற்றில். இறாலுக்கு அப்படியே நேர்மாறு. முதுகெலும்பில்லாதது என்றால் எலும்பு மட்டும் குறைகிற நம்மைப் போன்ற உடல் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது முதல் அடி. உடல் கட்டப்பட்ட திட்டமே வேறு.

நண்டைத் திருப்பிப் போடுங்கள். அடிவயிற்றில் ஒரு மடிப்புத் தகடு ஒட்டியிருக்கும். ஒடுக்கமான முக்கோணமாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். அந்தத் தகட்டை நகத்தால் நெம்பி விரித்துப் பாருங்கள்: வளைய வளையமான துண்டுகள். இறாலில் நாம் சாப்பிடுகிற சதைப் பகுதி இருக்கிறதே, அதுவேதான் இது. நண்டில் அது வற்றிச் சப்பையாகி உடலுக்கு அடியில் மடிந்துவிட்டது. கால்களை எண்ணினால் இடுக்கியோடு சேர்த்து ஐந்து ஜோடி. பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டும் ஒரே வரைபடம்.

இதே வித்தையைக் கணவாயிலும் மட்டியிலும் செய்யலாம், அது இன்னும் வேடிக்கை. ஊசிக்கணவாயின் குழாய் போன்ற உடலை ஒரு பக்கம் நீளமாக வெட்டி விரியுங்கள். உள்ளே பிளாஸ்டிக் துண்டு போல ஒளி ஊடுருவும் ஒரு தகடு வரும். வெள்ளி நிறத்தில் மினுக்கும் பை மைப்பை. உடைத்துவிட்டால் சட்டை போய்விடும். தலையில் எட்டுக் கை, நீளமான இரண்டு பற்றுக்கை, நடுவில் கிளி மூக்கு போன்ற அலகு. மட்டியை வேகவைத்துத் திறந்தால் தலையே இல்லை. ஓட்டை ஒட்டி ஒரு மெல்லிய தோல், உள்ளே செவுள், நாக்கு மாதிரி ஒரு சதை. அந்தத் தோல்தான் 'மேன்டில்', ஓட்டைச் சுரப்பது. நாக்கு மாதிரி இருப்பது அதன் பாதம். கணவாயில் நாம் வளையமாக நறுக்கி வறுப்பது அதே மேன்டிலைத்தான், தடித்துத் தசையாக மாறியது. அந்தப் பிளாஸ்டிக் தகடு, உள்ளே போய்த் தேய்ந்துபோன ஓடு.

ஓட்டுக்கணவாய் கிடைத்தால் இந்தக் கதை முழுமையாகும். அதன் முதுகுக்குள் இருக்கும் வெள்ளை ஓடுதான் கரையில் ஒதுங்கி, நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று விற்பது. லவ் பேர்ட்ஸ் கூண்டில் தொங்கவிடுவதும் அதுதான். நத்தைக்கு ஓடு வெளியே, ஓட்டுக்கணவாய்க்கு உள்ளே, ஊசிக்கணவாயில் வெறும் தகடு, பேய்க்கணவாயில் (ஆக்டோபஸ்) ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நான்கும் மெல்லுடலிகள். அப்புறம், பார்த்து முடித்ததைக் குழம்பு வைத்துவிடுங்கள்.

இரண்டாம் வேலை: வீட்டைச் சுற்றி, காலை எண்ணு

கணுக்காலி என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி எப்போதும் இதுதான்: எத்தனை கால்? கூடவே உணர்கொம்பு எத்தனை ஜோடி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு கால், ஒரு ஜோடி உணர்கொம்பு, தலை மார்பு வயிறு என்று மூன்று பகுதி: பூச்சி. பெயரிடப்பட்டவை மட்டும் சுமார் பத்து லட்சம் இனம் என்பதால் நீங்கள் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை இங்கேதான் விழும். எட்டுக் கால், உணர்கொம்பே இல்லை: சிலந்தி, தேள், உண்ணி கூட்டம். பூந்தொட்டியைத் தூக்கினால் ஓடும் சாம்பல் நிறக் கவசப் பிராணிக்கு 14 கால். அது பூச்சியல்ல, கரையேறிவிட்ட ஓட்டுடலி, இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். ஈரம் காய்ந்தால் செத்துப்போகும் என்பதால்தான் தொட்டிக்கு அடியிலேயே கிடக்கிறது. எண்ண முடியாத அளவுக்குக் கால் இருந்தால் ஒரு துண்டை மட்டும் கவனியுங்கள். துண்டுக்கு ஒரு ஜோடி என்றால் பூரான், இரண்டு ஜோடி என்றால் மரவட்டை. பூரானைத் தூர இருந்தே பாருங்கள். அதன் முதல் ஜோடிக் கால் விஷக்கொடுக்காக மாறியது. மரவட்டை சாது, சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். (கால்களில் சாதனை 1,306. ஆஸ்திரேலியாவில் நிலத்துக்கடியில் கண்டெடுத்து 2021-ல் பெயரிடப்பட்ட ஒரு மரவட்டைக்கு.)

இங்கே இரண்டு இடத்தில் எல்லாரும் வழுக்குவோம். ஒன்று, கம்பளிப்புழு. பத்துப் பதினாறு கால் இருப்பது போலத் தெரியும். லென்ஸில் பாருங்கள்: தலைக்குப் பின்னால் உள்ள மூன்று ஜோடிதான் மூட்டும் நகமும் உள்ள கால். பின்னால் இருப்பவை சதைக் குமிழ்கள், அடியில் கொக்கிகளோடு. ஆகவே பூச்சிதான். இரண்டாவது, முதல் மழைக்குப் பின் செம்மண் நிலத்தில் சிவப்பு வெல்வெட் துணியாகத் திரியும் தம்பலப்பூச்சி. பெயரிலேயே பூச்சி. எண்ணினால் எட்டுக் கால்! சிலந்திக் கூட்டத்தைச் சேர்ந்த உண்ணிக்கு உறவு. இதிலும் ஒரு குறும்பு உண்டு: அதன் குஞ்சுப் பருவத்துக்கு ஆறே கால். ஆகவே மிகச் சிறிய ஒன்றைப் பார்த்து எண்ணி முடித்ததும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

பெயரை நம்பக் கூடாது என்பதற்கு நம் மொழியிலேயே சாட்சிகள் நிறைய. நட்சத்திர மீன், ஜெல்லி மீன், பழைய புத்தகத்தில் ஓடும் வெள்ளிமீன், மூன்றும் மூன்று தொகுதி, ஒன்றும் மீன் இல்லை. ஆனால் கூர்மையாகப் பார்த்தவர்களும் இருந்திருக்கிறார்கள். புலன்களின் எண்ணிக்கையை வைத்து உயிர்களைப் பிரித்த தொல்காப்பியம் நண்டையும் தும்பியையும் நான்கறிவு என்று ஒரே வரியில் வைக்கிறது. எறும்பையும் சிதலையும் (கறையான்) மூன்றறிவுக்கு அனுப்பிவிட்டதால் இன்றைய வகைப்பாட்டோடு பொருந்தாது. இருந்தாலும் கடலில் இருப்பதையும் காற்றில் பறப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்தக் கண் எனக்குப் பிடிக்கும்.

மூன்றாம் வேலை: புழு என்று சொல்வதை நிறுத்துவது

'புழு' என்பது ஒரு வடிவம், வகை இல்லை. நீளமாக, காலில்லாமல் ஒன்று கண்ணில் பட்டால் கேட்க வேண்டியவை: தட்டையா, உருண்டையா, வளையம் இருக்கிறதா?

வளையம் இருந்தால் வளைதசைப்புழு. மண்புழுவை ஈரக் கையால் எடுத்து, சொரசொரப்பான ஒரு தாளின் மேல் விட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோங்கள். சரசரவென்று மெல்லிய ஒலி கேட்கும். வளையம்தோறும் இருக்கும் நுண்முடிகள் தாளைக் கீறும் சத்தம். ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், தோலால் மூச்சுவிடும் பிராணி, காய்ந்துவிடும். நம் ஊர் மண்ணில் சாதாரணமாகக் கிடைக்கும் லாம்பிட்டோ மாரிட்டி என்ற மண்புழுவில் 165 முதல் 190 கண்டங்கள், அதாவது வளையத் துண்டுகள், வரை இருக்கும். 14 முதல் 17 வரையான கண்டங்களில் மோதிரம் போட்டது போலத் தடிப்பு. அந்தத் தடிப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் தலை. ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் வளையம் உண்டு, முடி கிடையாது, இரு நுனியிலும் உறிஞ்சி உண்டு.

உருண்டையாக, வளையமே இல்லாமல், இரு முனையும் கூராக இருந்தால் உருளைப்புழு. குடற்புழு இந்த வகை. மண்ணில் வாழ்பவை கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. புனலில் மெல்லிய துணி விரித்துத் தோட்டத்து மண் கொஞ்சம் வைத்து, அடியில் ரப்பர் குழாய் மாட்டிக் கிளிப் போட்டு, மண் நனையும்படி தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் அடித்தண்ணீரை நுண்ணோக்கியில் பார்த்தால் 'எஸ்' வடிவில் துடித்துக்கொண்டிருக்கும். நீளவாக்குத் தசை மட்டுமே இருப்பதால் மண்புழு போலச் சுருங்கி விரிய அதற்குத் தெரியாது.

தட்டைப்புழுவில்தான் எனக்கு மானம் போனது. ஒரு மழைக்காலத்தில் தோட்டத்துச் சுவரில் ஒன்றரை ஜாண் நீளத்தில், முதுகில் கருங்கோடுகளோடு, பளபளவென்று ஒன்றைப் பார்த்துப் படம் எடுத்து, "பெரிய அட்டை, ஜாக்கிரதை" என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் உப்புப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார்கள். மறுநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வளையமே இல்லை; தலை மட்டும் விரித்த விசிறி போல அகலம். சுத்தியல்தலைத் தட்டைப்புழு. அதற்கு வாய் தலையில் இல்லை, உடலின் அடிப்பக்கத்தில் நடுவில் இருக்கிறது. சாப்பிடுவதும் கழிவை வெளியேற்றுவதும் அந்த ஒரே வழியாகத்தான். ரத்தம் குடிக்காது, ஆனால் மண்புழுவைத் தின்னும். வெறும் கையால் தொட வேண்டாம், இவற்றில் சிலவற்றின் உடலில் நஞ்சு இருக்கிறது. துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் வளர்ந்துவிடும்.

நான்காம் வேலை: கடற்கரை

இதற்கு முன்பே கடலுக்குப் போனால் குழம்பிவிடுவீர்கள். இப்போது போகலாம், கடல் நன்றாக உள்வாங்கும் நேரமாகப் பார்த்து.

நட்சத்திர மீனைத் தண்ணீரிலேயே மெதுவாகத் திருப்புங்கள். ஒவ்வொரு கையின் நடுவிலும் ஒரு பள்ளம், அதில் வரிசையாக நெளியும் குழாய்க் கால்கள். உடலுக்குள் ஓடும் நீர்க்குழாய் அமைப்பின் அழுத்தத்தால் அவை நீண்டு சுருங்குகின்றன. ஐந்தைந்தாகப் பிரிந்த உடலும் இந்தக் குழாய்க் கால்களும் முட்தோலியின் முத்திரை. கடல் அட்டை இங்கேதான் சேரும். பெயரில் அட்டை, தோற்றத்தில் வெள்ளரிக்காய். ஐந்து வரிசைக் குழாய்க் கால்களோடு ஒரு நட்சத்திர மீனை வாயிலிருந்து மேல்நோக்கி இழுத்து நீட்டிப் பக்கவாட்டில் படுக்க வைத்தது போன்ற உடல். இந்தியாவில் 2001 முதல் கடல் அட்டைகள் அனைத்தும் சட்டப் பாதுகாப்பில் உள்ளன; பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பவளத் துண்டையும் எடுத்துவராதீர்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் இறங்கவும் கூடாது.

ஜெல்லி மீன், கடல் சாமந்தி, பவளம் மூன்றும் குழியுடலிகள். ஒரு கிண்ணம், ஒரே ஒரு வாசல், விளிம்பைச் சுற்றிக் கொட்டும் செல்கள் நிறைந்த கைகள். கிண்ணத்தைக் கவிழ்த்து மிதக்கவிட்டால் ஜெல்லி, நிமிர்த்திப் பாறையில் ஒட்டினால் சாமந்தி, சாமந்தியைச் சிறிதாக்கி ஆயிரக்கணக்கில் சுண்ணாம்பு வீடு கட்டிக் குடிவைத்தால் பவளம். மீனவர்கள் ஜெல்லி மீனைச் 'சொறி' என்பது காரணத்தோடுதான். கரையில் செத்துக் கிடந்தாலும் கொட்டும்.

பாறையில் எரிமலை போன்ற வெள்ளைக் கூம்புகள் ஒட்டியிருக்கும், கொட்டலசு. கெட்டியான ஓட்டைப் பார்த்து மெல்லுடலி என்றே நினைப்போம். பெரிய அறிஞர் குவியரும் அப்படித்தான் சேர்த்தார். 1830-ல் ஜான் வாகன் தாம்சன் அதன் குஞ்சுகள் நீந்துவதையும் அவை ஒட்டிக்கொண்டு உருமாறுவதையும் கவனித்த பிறகுதான் அது இறால் கூட்டம் என்று தெரிந்தது. டார்வின் இவற்றோடு எட்டு வருடம் மல்லுக்கட்டினார். அலை மூடும் நேரத்தில் கூம்பின் வாயைப் பாருங்கள்: இறகு போன்ற ஆறு ஜோடிக் கால்கள் வெளியே வந்து தண்ணீரைத் துழாவும். தலைகீழாக ஒட்டிக்கொண்டு காலால் சோற்றை அள்ளும் பிராணி.

சங்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு உபரித் தகவல். கூம்பு நுனி மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். வாய் வலப்பக்கம் திறந்தால் சாதாரணச் சங்கு, அதை நாம் இடம்புரி என்கிறோம். இடப்பக்கம் திறந்தால் அரிதான வலம்புரி. விலங்கியலார் இதற்கு நேர்மாறாகப் பெயர் சொல்வார்கள். வலம்புரி என்று விற்பவற்றில் பல, இயல்பாகவே இடப்பக்கம் திறக்கும் வேறோர் அமெரிக்கக் கடல் நத்தையின் ஓடு. உள்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் இருக்கிறதா என்று பாருங்கள், அசல் சங்கில் இருக்கும்.

கடைசியில் கடற்பஞ்சு. வாய் இல்லை, குடல் இல்லை, முன்பின் இல்லை, பெரும்பாலும் ஒழுங்கான வடிவம்கூட இல்லை. நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ப் பெரிய துளை வழியாக வெளியேறுகிறது, வழியில் உணவை வடிகட்டிக்கொள்கிறது. மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தால்தான் இத்தனை இல்லாமல் ஒரு விலங்கு இருக்க முடிகிறதே என்ற வியப்பு உறைக்கும். ஆனால் பாறையில் ஒட்டிய வழவழப்பான ஒன்றைத் தொட்டதும் இரண்டு துளைகளில் ஒன்றிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினால் அது பஞ்சு இல்லை, கடற்குடுவை. அதன் குஞ்சுக்கு நம்மைப் போல முதுகுநாண், அதாவது முதுகெலும்புக்கு முன்னோடியான மெல்லிய தண்டு, உண்டு என்று 1866-ல் கோவலெவ்ஸ்கி என்ற விலங்கியலார் காட்டினார். வரிசையில் பஞ்சுக்குப் பக்கத்தில் வைக்கத் தோன்றும் பிராணி, நம் தொகுதிக்காரர்.

நோட்டில் எழுதுவது

படம் மூன்று: மேலிருந்து, பக்கத்திலிருந்து, அடியிலிருந்து. பக்கத்தில் ஒரு நாணயம். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் அது ஒரு பெயரைச் சொல்லும். அதை உடனே நம்பாமல், உங்கள் சொந்தக் காரணம் எதுவரை தாங்குகிறதோ அதுவரை மட்டும் எழுதுங்கள். தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று போகும் ஏணியில் புதியவர்கள் வரிசை வரை வந்தாலே நல்ல முன்னேற்றம். ஏணியே அவ்வப்போது மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் உடல் துண்டு துண்டாக இருப்பதால் மண்புழுவும் இறாலும் நெருங்கிய சொந்தம் என்று நீண்ட காலம் நம்பினார்கள். 1997-ல் வெளியான மரபணு ஆய்வு, இறாலுக்குப் பக்கத்தில் உருளைப்புழுவைக் கொண்டுபோய் வைத்தது. இரண்டும் சட்டை உரித்து வளர்பவை. மண்புழுவோ நத்தைப் பக்கம் போய்விட்டது.

என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

"காலை 7 மணி, மழை விட்டிருக்கிறது. துளசித் தொட்டிக்கு அடியில். சாம்பல் நிறம், அரை விரல்கடை நீளம். கால் 14, இரண்டு முறை எண்ணினேன். உணர்கொம்பு ஒரு ஜோடிதான் தெரிகிறது. ஓட்டுடலி என்றால் இரண்டு இருக்க வேண்டுமே? இன்னொரு ஜோடி மிகச் சிறியதாக இருக்கலாம். வெயில் வந்ததும் லென்ஸோடு மறுபடி பார்க்க வேண்டும். தொட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்."